பழக்கூடைக்கு எழுதிய பதில்

கொழும்புக் கோட்டையில் ஒரு பெரிய கடையின் லிஃப்டில் என் மகளின் வலக்கை நசுங்கியபோது அவளுக்கு நாலு வயது. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் போய், அவள் காலுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவதாக இருந்தோம்.

மேல்மாடியிலிருந்து யாரோ ஒரு துரைசாணி விடாமல் மணியடித்தாள். லிஃப்டை ஓட்டுபவர் பதறிப்போனார். நாங்கள் உள்ளே கால் வைக்கும்போதே இரும்புக் கதவை இழுத்துவிட்டார். கதவு வந்து மோதும் சட்டத்தில் மகளின் விரல்கள் இருந்தன.

"ஐயோ நோனா, என்னிலைதான் பிழை," என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கை எங்கே இருந்தது என்பதுதான் நினைவில்லை. ஒரு கையில் குடை. மற்றதில் சப்பாத்துப் பெட்டி. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைப் பிடித்திருந்தேன் என்று சில நாட்களில் தோன்றும். சில நாட்களில் தோன்றாது.

சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்காமல் போயின. இன்னொரு சத்திரசிகிச்சை செய்தால் மடங்கலாம், ஆனால் அது எங்கள் சம்பளத்தில் முடியாத காரியம் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது. மனேஜரின் வருத்தம் தெரிவிக்கும் அட்டையும் இருந்தது. நான் கன்னியர் மடத்தில் படித்தவள். அன்பளிப்பு வந்தால் அன்றே பதில் எழுத வேண்டும், நன்றி சொல்லும் கடிதத்தில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்று சிஸ்டர்மார் எங்களைப் பழக்கியிருந்தார்கள். கணவர் கந்தோருக்கு வேலைக்குப் போயிருந்தார். இங்கிலீஷில் எழுதினேன்: தங்கள் அன்புக்கு நன்றி, பிள்ளையைக் கவனியாமல் விட்டது என் தவறு, தங்கள் ஊழியரைக் கடிந்துகொள்ள வேண்டாம். தபாற்பெட்டியில் போட்டபோது மனம் சற்று இலேசானது.

அடுத்த கிழமை கணவர் என்னைக் கொட்டாஞ்சேனையில் வழக்குப் பேசும் ஒரு புறொக்டரிடம் கூட்டிப்போனார். வயதான கத்தோலிக்கர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓட்டுறவன்ரை பிழை கடைக்காரன்ரை பிழைதான். நட்டஈடு குடுக்கத்தான் வேணும். சத்திரசிகிச்சைக்குத் தாராளமாக் காணும்," என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது. கடிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது வழக்கோடு சம்பந்தப்பட்டது என்றே தோன்றவில்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஒருவேளை தோன்றியும் பேசாமல் இருந்தேனோ?

கடையின் வழக்கறிஞர்கள் அனுப்பிய பதிலோடு என் கடிதத்தின் பிரதி ஒன்றும் இருந்தது. புறொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"நூற்றுக்கு நூறு போடலாம் பிள்ளை. இங்கிலீஷிலை ஒரு பிழையும் இல்லை. வழக்குத்தான் இல்லை."

"அந்த லிஃப்ட்காரர் தன்ரை பிழையெண்டு சொன்னவரே," என்றேன்.

"அவன் சொன்னதுக்கு நாங்கள் சாட்சி தேடோணும். நீர் சொன்னதுக்கு உம்மட கையெழுத்தே சாட்சி."

ரயிலில் திரும்பினோம். பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியபின் கணவர், "என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார். அவ்வளவுதான். அவருடைய தங்கை, என் மச்சாள், அவ்வளவோடு விடவில்லை. "பழத்தைத் திண்டிட்டுக் கையைக் கழுவிப்போட்டு இருந்திருக்கலாம். இவவுக்குத்தானே கடிதம் எழுத வரும்," என்றாள். உண்மையில் அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சத்திரசிகிச்சை நடக்கவில்லை. மகளுக்கு இப்போது ஆறு வயது. வலக்கையில் பென்சில் நிற்பதில்லை. இடக்கைக்கு மாற்றினால் டீச்சர் பிரம்பால் தட்டுகிறாராம். இடக்கையால் எழுத அனுமதி கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். கை எப்படி இப்படியானது என்று எழுத வேண்டிய இடத்தில் நாலு தாள்களைக் கிழித்தேன். கடைசியில் 'ஒரு விபத்தில்' என்று மட்டும் எழுதி, கணவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஓம், அனுப்பும்," என்றார்.