கொப்பிதானே, அழி

என் அத்தான் அருட்பிரகாசத்தின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

செவன் கிங்ஸில் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு அலமாரி இருக்கிறது. சப்பாத்தும் குடையும் வைக்கவேண்டிய அந்த இடத்தில் இன்டர்நெட்டில் கொளுவிய இரண்டு கறுப்புச் சேமிப்புப் பெட்டிகளை வைத்து, ஊர்ப்பட்ட படங்களையும் கலியாண வீடியோக்களையும் சேர்த்திருந்தார். எட்மண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கூட அவருடைய பெட்டியிலிருந்துதான் படம் பார்ப்பார்கள். பஸ் ஓட்டுகிற மனிதர். ஷிப்ட் முடிந்து வந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்குமுன் பெட்டிகளில் லைட் எரிகிறதா என்று பார்ப்பார்.

அந்த மனைவிதான் என் அக்கா மெற்றில்டா. தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தாள், பேச்சுப் போய்விட்டது. அவள் பாடியது, வேதம் வாசித்தது எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன.

"ஒண்டை என்ரை வீட்டிலை வையுங்கோ அத்தான். களவோ நெருப்போ வந்தா ரெண்டும் சேர்ந்தெல்லோ போகும்" என்று அப்போதே சொன்னேன்.

"உனக்கென்ன விசரே மலர்? இதிலை போட்டா அடுத்த நிமிசம் அதிலையும் விழும். எல்லாத்துக்கும் கொப்பி கிடக்கு."

போட்டால் அதிலும் விழும் என்றால், அழித்தால் அதிலும் அழியும் என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. அந்த வீட்டில் மேல் பெட்டிக்கும் கொப்பி, அதாவது நகல், என்றுதான் பெயர், கீழ்ப் பெட்டிக்கும் கொப்பி என்றுதான் பெயர். அசல் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

போன தவக்காலத்தில், புதுப் படங்கள் போட இடம் போதாமல் மகன் சுஜீத் தகப்பனுக்குப் போன் எடுத்தான்.

"அப்பா, கொப்பியிலை அம்மான்ரை பாட்டுகள் நிறைய இடம் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. அழிக்கட்டோ?"

"ஓம், கொப்பிதானே, அழி."

அழித்தான். இரண்டிலும் போயிற்று. அதற்கு மேலே படங்களையும் கொட்டினான். திருத்துகிறவரிடம் கொண்டுபோனபோது, இனி ஒன்றும் எடுக்க ஏலாது என்று கையை விரித்துவிட்டார்.

அக்காவிடம் சொன்ன அன்று நானும் அங்கே இருந்தேன். கையிலிருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அத்தானோ, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, "இனி மூண்டு இடத்திலை வைப்பம். ஒண்டு உன்ரை வீட்டிலை" என்று திட்டம் போட்டார்.

"எதை வைக்கப் போறியள்?" என்று கத்தினேன்.

அப்போதுதான் எப்போதோ அக்கா எனக்கு அனுப்பிய ஒரு வொயிஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. என் போனில் தேடி எடுத்துப் போட்டேன்.

"எடியே மலர், போனை எடுக்க ஏலாதோ உனக்கு? கணவாய்க் கறி வைச்சிருக்கிறன், ஆறமுன்னம் வா. இஞ்சை இந்த மனிசன் பெட்டியளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கு. ஒருநாளைக்கு ரெண்டையும் தூக்கிக் குப்பையிலை போடுறன் பார்!"

அத்தான் சுவரோடு சாய்ந்து அழுதார். திருப்பிப் போடச் சொன்னார், போட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனைத் தா, பெட்டியிலை ஏத்திவிடுறன்" என்று கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். போனை என் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பையை என் தோளில் மாட்டி, என்னை வாசலுக்கு வெளியே தள்ளினாள். எனக்கு பஸ் வரும்வரை கதவடியிலேயே நின்றாள்.