கதிர் அறையில் மிச்சம் வைத்த ஒரு முழம்

இன்டர்நெட் ஓடுகிற ஃபைபர் இழையை ஒட்டுகிற தொழிலில் ஒரு விசேஷம்: வேலையைச் சரியாகச் செய்கிறவரை நாம் ஒருத்தர் இருக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பொக்லைன் அறுத்துப் போட்ட கேபிளை ரோட்டோரக் குழியில் உட்கார்ந்து விடியவிடிய ஒட்டுகிறவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, கெடுத்து, திட்டு வாங்கிக் கற்றது. ராத்திரி வேலைக்காரர்களே, நம் பிழைப்பு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: வீடு எழுந்திருக்கும்போது நாம் படுக்கிறோம், படுத்தாலும் தூக்கம் வராது, இல்லாத யோசனையெல்லாம் வரும். அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக் கதிர்வீச்சை அளக்கிற வேலை வந்தது. சத்தியமாக.

பொசுங்கிய துண்டு

மயிலம் பக்கத்துக் காலேஜ் ஒன்றின் லைனை ஒட்டி முடித்தபோது காலை ஏழு மணி. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிசிக்ஸ் நடத்தும் வசந்தி மேடம் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "அண்ணா, இதை ஒட்ட முடியுமா?" என்று ஒரு குப்பியை நீட்டினார். உள்ளே மீன்முள் மாதிரி ரெண்டு துண்டு. கதிர் பட்டால் அது நீலமாக மினுங்குமாம். அந்த மினுக்கத்தைச் சாதா இழை வழியாக வெளியே கொண்டுவந்து எண்ணினால், எவ்வளவு கதிர் விழுந்தது என்று சொல்லிவிடலாமாம். புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிற அறையில், நோயாளி உடம்பின் மேலேயே இதை வைத்து, அளவு கூடுகிறதா குறைகிறதா என்று அந்த நொடியே பார்க்கலாம். கேட்டதும் எனக்குத் தூக்கம் பறந்தது. இத்தனை வருஷம் யார் யாரோ பார்க்கிற சினிமாவைக் கடத்திக்கொண்டிருந்த இழை, இதுவும் செய்யுமா!

சந்தோஷத்தில் அறிவு வேலை செய்யாது. ஒரு துண்டை எடுத்து என் ஒட்டுகிற மிஷினில் வைத்து பட்டனை அழுத்திவிட்டேன். நம் கண்ணாடி இழை மின்பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். இது பிளாஸ்டிக். மேடம் சொல்லித்தான் இருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. துண்டு சுருண்டு கருகி, முடி பொசுங்கின நாற்றம் அடித்தது. விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறையைத் தர ஒத்துக்கொண்டிருந்தது. மேடத்தின் மூன்று வருஷ உழைப்பு அன்றைக்குத் தேறினால் உண்டு. அவர் கத்தவில்லை. குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணா. அதுவும் போச்சுன்னா நானும் உங்ககூட குழி தோண்ட வந்துடறேன்."

சிவப்புப் பேனா

நெருப்பில்லாமல் ஒட்டக் கற்றேன். பகல் தூக்கத்தை விட்டு, நுனியை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, பசை வைத்துச் சேர்த்து, வெளிச்சம் நுழையாமல் கறுப்புக் குழாய் போட்டு மூடினேன். கூடவே, நுனித்துண்டு இல்லாத வெறும் இழை ஒன்றும் ஜோடியாகப் போகும். கதிர் பாய்ந்தால் வெறும் இழைக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் தானாகப் பிறக்குமாம். அதைத் தனியே எண்ணிக் கழித்தால்தான் உண்மையான கணக்கு.

ரெண்டையும் காலேஜ் லேபில் எண்ணுகிற பெட்டியில் செருகினோம். பக்கத்தில் கதிர் என்று எதுவுமே கிடையாது. ஆனால் வெறும் இழையின் எண் ராக்கெட் மாதிரி ஏறுகிறது. மேடம் முகம் வெளுத்துவிட்டது. என்னோடு கேபிள் இழுக்கிற ஏழுமலை ஓசையில்லாமல் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அப்புறம்தான் என் பையிலிருந்து இழையின் மறுமுனைக்குப் போகிற சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தேன். எந்த இழையைத் தொட்டாலும் சிவப்பு லைட் பேனாவைச் செருகி உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கை வழக்கம். செருகின நான் அணைக்க மறந்திருக்கிறேன். ஏழுமலை கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினான்: "யோவ் மாமா, கதிர் வந்துட்ச்சின்னு நெனச்சிக்கினு பொண்டாட்டிக்கு போன் போட்டு அழுதுட்டேன்யா!"

வாசலில்

அந்த ஞாயிறு வந்தது. முந்தின ராத்திரி வளவனூரில் ஒரு கேபிள் வேலை. கையில் மண்ணோடு நேராக விழுப்புரம் போய் இறங்கினேன். அங்கே கதிர் மிஷினுக்குப் பொறுப்பான சார் சிரிக்கிற ஜாதி இல்லை. "பன்னெண்டு மணி வரைக்கும்தான். எங்க மீட்டரும் உங்க இழையும் ஒரே அளவு சொல்லணும். இல்லன்னா மறுபடி ரூம் கேக்காதீங்க" என்றார். உலகத்தில் பெரிய காரியம் ஒன்று நடக்கப்போகிறது, அதில் என் ஒட்டும் ஒன்று! வாசல் செக்யூரிட்டி என் டூல் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெட்டு வேலையா? ஜல்தியா முடிச்சிட்டுப் போங்க, நான் மேட்ச் பாக்கணும்."

வளையம்

உடம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுவில் அவர்கள் மீட்டர், அதை ஒட்டி எங்கள் இழை. கனமான கதவு மூடியது. வெளியே உட்கார்ந்து எண்களைப் பார்த்தோம். எங்கள் இழை அவர்கள் மீட்டரைவிட அதிகம் காட்டியது. மறுபடி. அப்போதும் அதிகம். மூன்றாவது முறையும் அப்படியே. சார் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. மேடம் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். பல வருஷமாக லைன் அறுந்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். யாரும் திட்டாத அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை.

இழையை எடுத்துவர உள்ளே போனேன். கதிர் எங்கே விழும் என்று காட்ட, மிஷினிலிருந்து மேஜைமேல் சதுரமாக ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சதுரத்தின் நடுவில், ரெண்டு கட்டுப் போட்டு, அழகாக, வட்டமாக, நான் சுற்றி வைத்த வளையம்! ஒட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழம் மிச்சம் சுற்றி வைப்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. நாளைக்கு அறுந்தால் இழுத்து ஒட்ட வேண்டாமா? ஒட்டு இருந்த இழையில் மட்டும் வைத்திருந்தேன். வெறும் இழையில் ஒட்டு இல்லை, அதனால் வளையமும் இல்லை. கதிர் பட்டு வளையத்தில் பிறந்த வெளிச்சத்தைக் கழிக்க ஆளே இல்லை!

"மேடம், சுத்தாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடிவந்தார். கட்டுகளை அறுத்து, மிச்சத்தைச் சதுரத்துக்கு வெளியே நீட்டி, ஜோடியை ஒன்றாகச் சேர்த்துப் படுக்கவைத்தேன். கதவு மூடியது. எண்கள் ஓடின, நின்றன. மேடம் கழித்துக் கணக்குப் போட்டார். சார் தன் மீட்டரைப் பார்த்தார், எங்கள் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னார். ரெண்டு தடவையும் தோளோடு தோள் நின்றன கணக்குகள். மேடம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடணும்போல இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அடுத்த ஞாயிறும் வாங்க. அந்த வளையத்தை மட்டும் வீட்லயே வச்சிட்டு வாங்க."

நாளைக்கு ஆகும், நாளைக்கு ஆகும் என்று ஆயுசு பூரா மிச்சம் வைத்தே பிழைத்தவனுக்குக் கிடைத்த ஒரே வெற்றி, அந்த ஒரு முழத்தை எடுத்து ஓரமாக வைத்ததில் வந்தது.