தண்ணீர் குடிக்காத பூனை

மடியில் திடீரென்று வெதுவெதுப்பாக ஏதோ பரவி, தொடை வழியே இறங்கி, பஸ் சீட்டின் பள்ளத்தில் தேங்கி நின்றது. அங்கே தொடங்கிய கலவரத்தில், நாய் கடித்தவன் குரைத்துச் சாவதைப் போலப் பூனை கீறியவன் மியாவ் என்று கத்திச் சாவான், அப்படி ஊரில் முதலில் கத்தப்போகிறவன் நான்தான் என்று முழுதாக ஒரு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கும்போது மெல்லப் பேசிப் பார்த்து, குரல் இன்னும் மனிதக் குரல்தானா என்று சரிபார்த்ததும் உண்டு.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. அப்பாவும் அம்மாவும் மரக்காணத்து 'அளத்தில்', அதாவது உப்பளத்தில், கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எலிகள் அரிசி மூட்டையில் ஆரம்பித்து அப்பாவின் ஒரே வெள்ளை வேட்டி வரை வந்துவிட்டதால், கீழ்புத்துப்பட்டிலிருந்த என் மாமா தன் வீட்டில் வளர்ந்த பூனையைத் தருவதாகச் சொன்னார். அதைக் கோணியில் போட்டு, கோணியின் வாயைக் கட்டி, பூனையை வாங்கிவரப் போயிருந்த என் மடியில் வைத்து, அவரே பஸ்ஸில் அழைத்து வந்தார். வண்டி குலுங்கக் குலுங்க உள்ளே இருந்த உடம்பு கல்லாக இறுகியது. டிரைவர் ஆரனை அடித்தபோதுதான் மேலே சொன்ன வெள்ளம்.

கண்டக்டர் சீட்டைப் பார்த்தார், என் நிக்கரைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"ஏம்பா, இம்மாம் பெரிய புள்ளைய ஏறும்போதே ஒண்ணுக்குப் போக வெச்சி இட்டாரக் கூடாது?"

மாமா என் காதில் குனிந்தார். "டேய், வாயத் தொறக்காத. பூனைன்னு தெரிஞ்சா எறக்கி வுட்ருவான்."

பூனையின் மானத்தை என் மானத்தால் மூடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் கோணியை அவிழ்த்ததும் வெளியே வந்தது பூனையாகத் தெரியவில்லை. நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தாடையிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கியது. கண்ணில் பச்சையே இல்லாமல் முழுக்கக் கருமணி. வால் புசுபுசுவென்று பருத்திருந்தது. சமாதானப்படுத்தலாமென்று தடவினால் கையோடு முடி கொத்தாக வந்தது, கூடவே மணிக்கட்டில் ஒரு கீறலும். அடுத்த நொடி அது மரப்பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிட்டது.

அன்று சாயங்காலம், மறுநாள் வேலையைச் சொல்லிப்போக வந்திருந்த அளத்து மேஸ்திரி குனிந்து பார்த்தார். "நொரை தள்ளுது. இது வெறிப் பூனை. தண்ணி வெச்சிப் பாருங்க. வெறி புடிச்சது தண்ணியத் தொடாது."

"நேத்து வரிக்கும் எங்க ஊட்ல நல்லா பால் குடிச்ச பூனைங்க" என்றார் மாமா.

"நேத்து குடிச்சிது. இன்னிக்கி குடிக்கட்டுமே. நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள குடிக்கலன்னா, புள்ளைய பாண்டி ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போய்டுங்க. தொப்புள சுத்தி ஊசி போடுவாங்க."

என் தொப்புள் அப்போதே உள்ளே போய்விட்டது.

பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரும் பக்கத்தில் நெத்திலியும் வைத்தாயிற்று. பூனை குடிக்கிறதா என்று பார்க்கத் தெருவே எங்கள் வீட்டுக்குள் குந்தியது. ஒருவர் பெட்டியைத் தட்டினார், ஒருவர் கிண்ணத்தைக் குச்சியால் தள்ளினார், பிள்ளைகள் "குடி, குடி" என்று தாளம் போட்டார்கள். பூனை குடிக்கவில்லை, தின்னவில்லை, ஒன்றுக்கும் போகவில்லை. போகவேண்டியதையெல்லாம்தான் பஸ்ஸில் என் மடியிலேயே முடித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் நிலைமையும் அதுவாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை, கொல்லைக்குப் போனால் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

"நீயாவது குடிடா" என்று மாமா டம்ளரை நீட்டினார். எனக்கு வெறி இல்லையென்று நிரூபிக்கும் ஆவேசத்தில் மடமடவென்று ஊற்றிக்கொள்ள, தொண்டை அடைத்து, தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நனைந்துபோன உப்புக் குவியலைப் பார்ப்பதுபோல மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

மறுநாள் மதியத்துக்கு மேலும் அதே கூட்டம், அதே கிண்ணம். ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா எனக்கு வேறு சட்டை மாட்டிவிட்டாள். அப்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. "மழ வருது, அம்பாரத்த மூடுங்க" என்று அளத்துப் பக்கமிருந்து குரல் கேட்டது. வரப்பு மேல் அம்பாரமாகக் குவித்த உப்பைத் தூறல் விழுமுன் பனையோலை போட்டு மூடாவிட்டால், அத்தனை நாள் உழைப்பும் கரைந்து போய்விடும். மேஸ்திரிதான் முதலில் ஓடினார். பின்னாலேயே மாமா, அப்பா, தெரு.

அம்மா வாசலில் ஒரு கணம் நின்றாள். "இங்கயே உக்காந்திரு. உள்ள போவாத. ஓடி வந்துடறேன்."

வெறி முற்ற நாளாகும், மழைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

தெருவில் ஓசையே இல்லை. மியாவ் வருகிறதா என்று தொண்டையைக் கனைத்தபடி நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து முதலில் மீசை வந்தது, பிறகு முகம். கண்ணில் பச்சை திரும்பியிருந்தது. வயிறு தரையில் உரச அடுப்பங்கரைக்குப் போய், சாம்பலில் குழி பறித்து, வெகு நேரம் உட்கார்ந்திருந்து, மூடிவிட்டு வந்தது. கிண்ணத்தை முகர்ந்தது. பிறகு சளப் சளப்பென்று குடித்தது, நடுவில் மூச்சுவிட்டு மறுபடியும் குடித்தது. நெத்திலியையும் முடித்தது.

எனக்கும் அடிவயிற்றில் ஏதோ அவிழ்ந்தது. வேலியோரம் ஓடி, கொட்டும் மழையில் மழையோடு மழையாக நின்றேன். அவ்வளவு சுகமாக அதற்குப் பிறகு என் வாழ்நாளில் நான் சிறுநீர் கழித்ததில்லை.

அம்மா சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "குடிச்சிடிச்சிமா" என்றேன். அவள் பூனையின் பக்கம் திரும்பவே இல்லை. "நீ குடிச்சியா?" என்று கேட்டு, சொம்பை என் வாயில் வைத்தாள். தண்ணீர் நேராக உள்ளே போயிற்று.

தொப்புள் ஊசி இப்போது இல்லை, கையிலேயே போட்டுவிடுகிறார்கள். இன்று ஒரு கீறல் பட்டால் நான் கிண்ணம் வைத்துக் காத்திருக்கமாட்டேன், நேராக அந்த ஊசிக்கே ஓடுவேன். ஒரு பூனை தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்க வேலையை விட்டுவிட்டு வந்து குந்தும் தெருவும் இப்போது இல்லை. பூனைகளுக்கு அது நல்லதுதான். சென்ற வருடம் என் மகள் தன் பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். அதுவும் எச்சில் ஒழுக்கி, வாயால் மூச்சு வாங்கி, கூடையை நனைத்தது. மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல, பயம். வீட்டுக்குப் போனதும் இருட்டா ஒரு மூலைல விட்டுடுங்க, யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார்.

எங்கள் பூனைக்கும் வெறி இல்லை. கோணியும் பஸ்ஸும் அதைப் பயமுறுத்தின, வீட்டுக்கு வந்ததும் நாங்கள் பயமுறுத்தினோம். எல்லோரும் எழுந்து போனதும் அது தண்ணீர் குடித்தது.