பழந்துணிக் குளியலறை

தேவனாம்பட்டினத்தில் அஞ்சலாட்சியின் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். கை கழுவினாயா என்று கேட்பாள். கழுவினேன் என்றால், எங்கே காட்டு என்பாள். இத்தனைக்கும் அவள் மீன் விற்கிறவள். காலையில் கூடையைச் சுமந்துகொண்டு மஞ்சக்குப்பம் தெருக்களில் கூவி விற்றுவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கூடையைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பாள். பிறகு தன்னைத் தேய்க்க உட்காருவாள். மஞ்சள், சீயக்காய், கடைசியில் வாசனை சோப்பு. ஓலைத் தட்டி வைத்து அடைத்த அவளுடைய குளியல் மறைப்புக்குள் போனாளென்றால் சோறு ஆறிப்போகும், வெளியே வரமாட்டாள். "எம் பொண்டாட்டி காலைல மீனு, சாயங்காலம் ரோசாப்பூ" என்று அவள் புருஷன் பொன்னுரங்கம் கூட்டாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வான்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து, அந்த வீட்டையும் மறைப்பையும் படகையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பொன்னுரங்கத்தின் தம்பி சடையப்பன் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவன். அவன் உடம்பு கிடைக்கவே இல்லை.

மிஞ்சியவர்களை ஊருக்கு மேற்கே ஒரு பொட்டல் நிலத்தில் கொட்டகை போட்டுக் குடிவைத்தார்கள். சுவரும் தார் அட்டை, கூரையும் தார் அட்டை. வெயில் ஏறினால் தார் இளகி மூக்கைத் துளைக்கும். எப்போது வீடு கட்டித் தருவார்கள், எங்கே கட்டுவார்கள், திரும்பக் கடலுக்குப் பக்கத்தில் விடுவார்களா மாட்டார்களா என்பது யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒவ்வொரு பதில் வந்தது.

அஞ்சலாட்சிக்கு அங்கே எதைக் கண்டாலும் குமட்டியது. வண்டியில் வரும் சாம்பார் சாதம் பொட்டலத்துக்குள்ளேயே புளித்துப்போயிருக்கும். அதைப் பிரித்தவர்கள் பாதி தின்றுவிட்டு அங்கேயே போடுவார்கள். ஈ வந்து மொய்க்கும். அதே ஈ வந்து தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் உட்காரும். வரிசையாகக் கட்டியிருந்த கக்கூசுக்குப் பக்கத்தில் போகும்போதே அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறும். கார்களில் வந்து இறங்கிக் கொட்டகைக்குள் தலையை நீட்டி, "எத்தனை பேரு செத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் இன்னும் மோசம். பொன்னுரங்கம் கடல் பக்கமே திரும்பாமல் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தான். அவன் மூச்சு நாறியது. மீன் பேச்சையே எடுக்க முடியவில்லை. பொணத்தைத் தின்ன மீன் என்று டவுனில் ஒருவரும் வாங்குவதில்லை என்றார்கள்.

எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பு அவள் உடம்பு மேலேயே இருந்தது. குளிக்க வழியில்லை. பொட்டலின் நடுவில் ஓர் அடிபம்பு. அதைச் சுற்றி எந்நேரமும் ஆம்பிளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் இருட்டோடு எழுந்து புடவையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். அஞ்சலாட்சியால் அது முடியவில்லை. கொட்டகைக்குள் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டாள். கழுத்திலும் இடுப்பிலும் வேர்க்குரு வெடித்து நீர் வடிந்தது. தலையைச் சொறிந்தால் நகத்தில் கறுப்பாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் துணி லாரிகள் வந்தன. பொட்டலின் ஓரத்தில் வந்து நின்று, பின்கதவைத் திறந்து, மண் கொட்டுவதுபோல் துணியைக் கொட்டிவிட்டுப் போயின. முதல் நாள் எல்லோரும் ஓடினார்கள். கொக்கி இல்லாத ரவிக்கை, கறை படிந்த உள்பாவாடை, கம்பளி ஸ்வெட்டர், கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு, முட்டி கிழிந்த பேண்ட்டு. மறுநாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. குவியல் பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நாய் குட்டி போடுகிற இடமாயிற்று.

"எவளோ கட்டி அவுத்துப் போட்ட பாவாடைய எடுத்துகினு வந்து நம்ம தலைல கொட்றாங்களே, நாம இன்னா குப்பத்தொட்டியா?" என்றாள் அடுத்த கொட்டகைத் தில்லையம்மாள். கனத்த உடம்புக்காரி. கடல் வந்த அன்று புருஷனைப் பறிகொடுத்தவள்.

அஞ்சலாட்சி காறித் துப்பினாள்.

சிதம்பரத்தில் அவளுடைய தங்கை ரேகா இருந்தாள். மேல வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். "வந்து நாலு நாள் இருந்துட்டுப் போக்கா" என்று சொல்லியனுப்பியிருந்தாள். மாசி மாதம் அஞ்சலாட்சி பஸ் ஏறிப் போனாள். போன அன்றே, தாழ்ப்பாள் போட்ட அறையில், வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அழுக்குத் திரண்டு வர வரத் தேய்த்துக் குளித்தாள். தண்ணீரை மொண்டு ஊற்றும்போதே அழுகை வந்தது. அழுதுகொண்டே குளித்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது ரேகாவின் மாமியார் பேசுவது கேட்டது. அந்தம்மா குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், வீடு சின்னது.

"அந்த சோப்ப எடுத்துத் தூரப் போடு. வாளிய பினாயில் ஊத்திக் கழுவு. பொணம் மெதந்த எடத்துலேருந்து வந்துருக்கா, என்னென்ன ஒட்டிகினு வந்துருக்கோ."

கொஞ்ச நேரத்தில் குளியலறைத் தரையைத் துடைப்பத்தால் தேய்க்கிற சத்தம் வந்தது. ரேகா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பினாயில் பாட்டிலை எடுத்த இடத்தில் வைத்தாள்.

அஞ்சலாட்சி அன்று ராத்திரி வைத்த சோற்றை உருட்டி விழுங்கினாள். எல்லாரையும் அருவருத்த தன்னையே ஒருத்தி இப்படி அருவருப்பாள் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. காலையில், "வேல கெடக்குதுடி, நான் போறேன்" என்று பையை எடுத்தாள். ரேகா பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தாள். பஸ் கிளம்பும்போது, "கோச்சிக்காதக்கா" என்றாள்.

"உம்மேல எனக்கு இன்னாடி கோவம்" என்றாள் அஞ்சலாட்சி. கோபம் இருந்தது. பரங்கிப்பேட்டை முக்கூட்டு ரோடு தாண்டும்வரை இருந்தது. அதற்குப் பிறகு அவள் யோசனை வேறு பக்கம் போயிற்று.

பொட்டலுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போகாமல் நேரே துணிக் குவியலுக்குப் போனாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியால் கிளறினாள். தில்லையம்மாள் ஓடிவந்தாள்.

"ஏன் அஞ்சல, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"கட்டிக்கத்தான ஒதவாது? தட்டி கட்ட ஒதவும்ல. கம்பளிக் கோட்டு, கனத்த பேண்ட்டு, ரெண்டுத்தயும் பொறுக்கு எக்கா. பம்பச் சுத்தி அடைச்சுடலாம்."

தில்லையம்மாளும் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வேலையைச் செய்தபோது அஞ்சலாட்சி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு துணியையும் குச்சியால் தூக்கி உதறி, சோறாக்க வந்த அண்டாவில் சலவைச் சோடா போட்டு வேகவைத்தார்கள். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்தது. மேலே நுரையோடு யாருடைய முடியோ மிதந்தது. பாக்கெட்டுகளில் வெற்றிலைச் சாறு, காய்ந்த மல்லிகை, பல் குத்துகிற குச்சி. கறுப்புக் கோட்டு ஒன்றின் உள்பையில் கைவிட்டவள் வீறிட்டுக்கொண்டு கையை உதறினாள். மண்ணில் விழுந்தது பார்த்தால் ஒரு பல்செட்டு.

"ஐயோ பாவம், எந்தப் பெரியவரு இன்னும் தேடிகினு கெடக்காரோ" என்றாள் தில்லையம்மாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடல் வந்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரிப்பு அடங்காமல் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. சோப்பைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

தைப்பதற்கு வலை பொத்துகிற ஊசியும் நைலான் நூலும் கிடைத்தன. கழிக்குத்தான் வழியில்லை. கொட்டகையில் படுத்திருந்த பொன்னுரங்கத்தை எழுப்பினாள்.

"மாமா, சவுக்குக் கழி வேணும்."

"எதுக்கு? பொணத்தத் தூக்கவா?"

"ஆமா, உன்னத் தூக்கத்தான். நாறுற. எழுந்திரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். சாயங்காலம் கழிகளோடு வந்தான். பெண்கள் தைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "இதெல்லாம் ஒரு தையலா, ஒரு காத்துக்குத் தாங்குமா" என்று அஞ்சலாட்சியின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான். படகு போனதிலிருந்து அவன் ஊசியைத் தொடவில்லை. இருட்டும்வரை தைத்தான். கோட்டுக் கைகளை ஒன்றோடொன்று கோத்து, பேண்ட்டுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வலைமுடி போட்டு இறுக்கினான்.

மறுநாள் முதல் ஆளாக அஞ்சலாட்சி உள்ளே போனாள். மேலே வானம், சுற்றிலும் யார் யாருடையதோ கோட்டு. உடம்பில் எதுவும் பட்டுவிடாமல் நட்டநடுவில் கால் இடுக்கி உட்கார்ந்துகொண்டாள். தலையில் முதல் சொம்பு விழுந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. வெளியே வரிசையில் நின்றவர்கள் திட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தாள்.

அதற்குப் பிறகு பொட்டலில் பெண்களுக்கென்று ஒரு பொழுது உண்டாயிற்று. ஆம்பிளைகள் சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்தார்கள். மத்தியானம் முழுக்க அங்கே பேச்சும் சிரிப்பும்தான். காற்று அடித்தால் பேண்ட்டுக் கால்கள் எழும்பிக் குளிக்கிறவளை உதைக்கும். "கட்டுனவன்கூட என்ன இப்பிடி ஒதைச்சதில்லடி" என்று தில்லையம்மாள் உள்ளேயிருந்து கத்துவாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, அவள் புருஷனை நினைத்துச் சிரிப்பை நிறுத்துவார்கள். அவளே திரும்பவும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

ஒரு நாள் அஞ்சலாட்சி தலைக்குச் சீயக்காய் தேய்த்திருந்தபோது, திரும்பவும் அலை வருகிறது என்று யாரோ கூச்சல் போட்டார்கள். பொட்டலே எழுந்து ஓடியது. அவளும் புடவையை வாரிச் சுற்றிக்கொண்டு, கண்ணில் சீயக்காய் வழிய, ரோடுவரை ஓடினாள். வெறும் வதந்தி. மற்றவர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்கள். தலை பிசுபிசுக்க அங்கே நிற்க அவளால் ஆகவில்லை. யார் தடுத்தும் கேட்காமல் தனியாகத் திரும்பிவந்து மீதிக் குளியலை முடித்தாள்.

சித்திரையில், துணி அனுப்பிய அமைப்பிலிருந்து சத்யப்பிரியா என்ற இளம்பெண் பார்வையிட வந்தாள். கூடவே படம் எடுக்க ஓர் ஆள். மறைப்பைக் கண்டதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இது டொனேஷன் குடுத்த துணிம்மா. போட்டுக்கத்தான் அனுப்பினோம். இப்பிடிப் பண்ணா எங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்?"

அஞ்சலாட்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் விடிந்ததிலிருந்து ஊர் ஊராய்ச் சுற்றியிருப்பாள்போல. சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது, நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டு நின்றாள்.

"காலைலேருந்து எங்கயும் ஒதுங்கலயா?" என்றாள் அஞ்சலாட்சி.

சத்யப்பிரியா படம் எடுக்கிற ஆளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"உள்ள போ. நான் நிக்கிறேன். அந்தப் பக்கக் கோட்டு மேல மட்டும் படாத, அது என்னா வேக வெச்சும் நாத்தம் போவல."

உள்ளே அடிபம்பு வெகுநேரம் சத்தம் போட்டது. வெளியே வந்தபோது அவள் முகமும் கழுத்தும் நனைந்திருந்தன. "இங்க படம் வேணாம்" என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து துணி லாரி வரவில்லை. ஒரு பெட்டி சோப்பு மட்டும் வந்தது. மட்டமான சோப்பு, நுரையே வராது என்று அஞ்சலாட்சி அதையும் குறை சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் பேய்மழை. கம்பளியெல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்து, கழிகளோடு சேர்ந்து சாய்ந்தது. ஒரு வாரம் அப்படியே கிடந்து அழுகியது. செத்த எருமைபோல நாறியது. பொன்னுரங்கம் மழைக்கு நடுவில் குழி தோண்ட, பெண்கள் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். கோட்டுக் கைகளைப் பிடித்து இழுத்தபோது உள்ளேயிருந்து மண்புழு கொட்டியது. அஞ்சலாட்சி ஓங்கரித்துக்கொண்டே இழுத்தாள். கையெல்லாம் கொழகொழவென்று ஆயிற்று. கழுவலாமென்றால் அடிபம்பு வெள்ளத்தில் முழுகிக் கிடந்தது.

தில்லையம்மாள்தான் முதலில் கொட்டகைக் கூரை ஓரத்தில் போய் நின்றாள். மழைத் தண்ணீர் அங்கே தாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் போனார்கள். பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள், மறைப்பு கிறைப்பு ஒன்றுமில்லை. புடவையோடு நின்று ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்தார்கள். அஞ்சலாட்சி கடைசியாகப் போய்த் தலையை நீட்டினாள்.

"சீ, தாரு நாத்தம்" என்றாள். ஆனால் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத்தான் வீடு கிடைத்தது. பொன்னுரங்கம் பங்குப் படகில் கடலுக்குப் போகத் தொடங்கினான். அவளும் கூடையைத் தூக்கினாள். வீட்டோடு சேர்ந்தாற்போல் கட்டித் தந்த குளியலறையில் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி நின்றது. கொத்தனாரை வாயார வைதுவிட்டு, தானே உளியால் தரையைக் கொத்தித் தண்ணீர் ஓட வாட்டம் எடுத்தாள். அந்த வாரமே ரேகா பிள்ளைகளோடு வந்திருந்தாள். அஞ்சலாட்சி புது சோப்பைப் பிரித்து அவள் கையில் கொடுத்தாள்.

"போய்க் குளிச்சிட்டு வாடி, பஸ்சுல வந்துருக்க. எவன் எவன் மேல ஒரசினயோ."