மேற்கு ஜன்னல்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தவர், மேற்கு அறையின் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பெயர்த்துப் போட்டு வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்தில் நகர்த்தும் கண்ணாடி வைத்துவிடலாம் என்றார். அது பாதிதானே திறக்கும் என்று கேட்டேன். பாதி போதும் மேடம் என்று சிரித்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு முப்பத்தைந்து வயதாகிறது.

ராஜபாளையத்தில் இதே வீட்டை அப்பா முதல்முறை புதுப்பித்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். மேற்கு அறை அம்மாவுடையது. தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் அவளுடைய தையல் மிஷின் அங்கே ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அந்த ஜன்னலுக்கு நாலு கதவு, மேலே இரண்டு, கீழே இரண்டு. மேற்கே மலை. வெயிலும் அங்கிருந்துதான் அடிக்கும், காற்றும் அங்கிருந்துதான் வரும். மதியமானால் அம்மா கீழ்க்கதவுகளைச் சாத்தி மேல்கதவுகளைத் திறந்துவைப்பாள். வெயில் மடியில் விழாது, தெருவில் போகிறவர்களுக்கு அவள் தலை தெரியாது, காற்று மட்டும் வரும்.

பெரியப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டியிருந்தார். எல்லாம் அலுமினியச் சட்டம், பழுப்புக் கண்ணாடி. அவர் வீட்டு ஜன்னல்கள் வடக்குப் பார்த்தவை. அதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து கைத்தடியால் ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினார்.

“ஏலே, மரம்னா கரையானுக்குச் சோறு போடுறதுக்குச் சமம். நான் எம்புட்டுக் கட்டடம் பாத்திருக்கேன். கண்ணாடியப் போடு.”

அப்பா மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அங்கே ஒரு பைசா விடமாட்டார் என்று பேர். அண்ணன் முன்னால் மட்டும் அவருக்குத் தலை தானாக ஆடும்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அடுப்படி வாசலில் நின்று என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொல்வாள். அன்றும் அப்படித்தான் சொன்னாள்.

“அதுல பாதிதான தொறக்கும், மேல மட்டும் தொறக்க ஏலாதுல்லனு பெரியப்பாட்ட கேளு.”

நான் கேட்டேன். பெரியப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இன்றும்தான்.

தை மாதம் கண்ணாடி வந்தது. திறந்தால் தெருவே அம்மாவைப் பார்த்தது. மூடினால் அறை வெந்தது. பங்குனிக்குள் அவள் கழுத்து முழுக்க வேர்க்குரு. மிஷினை அடுப்படிக்குப் பின்னால் இருட்டு மூலைக்கு நகர்த்தினாள். இரண்டாவது வாரம் ஊசி அவள் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு அந்த ஜாக்கெட்டைத் தைத்து முடித்தாள். அடுத்து வந்த இரண்டு பேரிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் போடச் சொன்னதை அண்ணன் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். பழைய ஜன்னல் கொல்லைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. விறகுக்கு என்று அம்மா சொல்லியிருந்தாள்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, பெரியப்பாவைப் புதன்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள் என்று அம்மா ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாமே என்றார் அப்பா. புதன்தான் தோது என்று சாயங்காலமே அவரைப் பஸ் ஏற்றி அனுப்பினாள்.

புதனன்று அப்பா லீவு போட்டார். கறிக்குழம்பு, வறுவல், முட்டை, பாயசம். பெரியப்பா மூன்று தடவை சோறு வாங்கினார். சாப்பிட்டு முடித்ததும் அம்மா மேற்கு அறையில் இலவம்பஞ்சு மெத்தையை விரித்தாள்.

“பெரியப்பா இங்கன செத்த நேரம் படுக்கட்டும்னு சொல்லு. வீட்லயே நல்ல ரூம் இதுதான். தெருச் சத்தம் கேக்கும், ஜன்னலச் சாத்திரு.”

கண்ணாடியை ஓங்கித் தள்ளிச் சாத்தினேன். அன்று எங்கள் பக்கம் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மணி இரண்டு.

அம்மா கொல்லையில் பழைய ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் துணி இல்லை, கையில் முறம் இல்லை. அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அடுப்படிக் கடிகாரம் அங்கிருந்து தெரியும்.

“அவருக்குப் போயி ஏம்மா இம்புட்டுச் செய்யுத?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“ஏட்டி, அவிய மூத்தவிய. அவியள நல்லாக் கவனிக்கணும்.”

நாற்பது நிமிடத்தில் பெரியப்பா வெளியே வந்தார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, நெற்றியெல்லாம் சிவப்பு. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். யாரையும் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்.

“இந்தப் பக்கம் மட்டும் பழைய ஜன்னலயே போட்ருலே. மேக்கத்திக் காத்து உடம்புக்கு நல்லது.”

சரிண்ணே என்றார் அப்பா. எங்கள் ஜன்னலை எங்களுக்கே தானமாகக் கொடுத்துவிட்டுப் பெரியப்பா துண்டால் முகம் துடைத்தார். அடுப்படி வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு பெரியப்பாட்ட சொல்லு.”

நான் சொல்லவில்லை. மூன்று நாள் அம்மாவோடு பேசவுமில்லை. சனிக்கிழமை தச்சர் வந்து ஜன்னலை மாட்டினார், கரையான் ஒரு இடத்தில்கூட இல்லை. மிஷின் தன் இடத்துக்குத் திரும்பியது.

அளவெடுக்க வந்தவரை அனுப்பிவிட்டு அந்த வருடத்து டைரியை எடுத்தேன். அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அதிலிருந்துதான் நான் தினமும் எழுதுகிறேன், ஒரு நாள் விட்டதில்லை. அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘அம்மா தைக்கும்போது பேப்பர் படித்துக் காட்டினேன். நம்ம ஊரில் புதன் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இருக்காது. அம்மா அதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.’

புதன்கிழமைப் பக்கத்தில் ஒரே வரி. பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

‘அம்மாவுக்கு ரோஷமே கிடையாது.’