பதிவில் அக்காவின் பெயர்

எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் அவள் அக்காதான், மேனேஜருக்குக்கூட. ஆம்புலன்சை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்கிற மென்பொருளை நாங்கள் எழுதினோம். யாராவது எதையாவது சொதப்பிவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவோம். செய்கிற ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, எப்போது செய்தது என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவில் பின்னோக்கிப் போய், கெடாமல் இருந்த பழைய வடிவத்தை அவள் மீட்டுக் கொடுத்துவிடுவாள். "யார் தலையும் போகல, போய் டீ குடிங்க" என்பாள். ஒரு வார்த்தை திட்டமாட்டாள். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவன் ஒரு நிலைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். கெஞ்சிக் கூத்தாடி எங்கள் ஆபீசிலேயே அவனைச் சேர்த்தும் விட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு மென்பொருளுக்குள் நுழையத் தனிக் கணக்கு போட்டுக்கொடுக்க எங்கள் மேனேஜருக்கு உடம்பு வணங்காது. "அக்கா கணக்குலயே பண்ணுப்பா, என்ன இப்போ" என்பார். அதனால் தம்பி செய்ததெல்லாம் அவள் பெயரில்தான் பதிவானது.

ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருந்தால், எந்தப் பகுதி என்று மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். அதனால் வேலை தாமதமாகிறது என்று தம்பி, யாரிடமும் சொல்லாமல், அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டான். 'சின்னத் திருத்தம்' என்று குறிப்பு வேறு. ஒரு நாள் வண்டி அதே பெயருள்ள இன்னொரு தெருவுக்கு, ஊரின் மறுகோடிக்குப் போனது. இங்கே ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் மடியிலேயே செத்துப்போனார்.

செய்தி வந்ததும் அக்கா பதிவைத் திறந்து, தூக்கிய கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தாள். தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் செஞ்சத மட்டும் பதிவுலேர்ந்து அழிச்சிடுக்கா. உன்னால முடியும்ல."

"முடியும். ஒரு ஆளு செத்திருக்காருடா. அத நான் எங்க போய் அழிக்கிறது?"

"அப்ப என் கதி?"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "யார் பேரு இருக்குன்னு பாரு."

தன் பெயரே அதில் இல்லை என்பது அதுவரை பதற்றத்தில் அவனுக்கு உறைக்கவே இல்லை போலிருக்கிறது. பார்த்ததும் அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான் பாருங்கள்.

மேனேஜர் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "இது யார் பண்ணதுன்னு ஆபீசுக்கே தெரியும் சார். அவங்க கணக்குல உக்கார வச்சது நீங்கதானே" என்று கத்தினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"பதிவுல என்ன இருக்கோ அதுதான் மேல போகும்" என்றவர், ஒப்புக்குத் தம்பியைக் கேட்டார். "நீ பண்ணியாப்பா?"

அக்கா, அவனே சொல்லட்டும் என்று நின்றாள்.

"அக்கா பேர்தானே சார் இருக்கு."

அன்று மத்தியானமே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். போலீஸ் விசாரணைக்கும் வர வேண்டியிருக்கும் என்றார்கள். படிக்கட்டு வரை கூடப் போனேன். நன்றி கெட்ட ஜென்மம் என்று அவனைத் திட்டித் தீர்த்தேன். பயத்தில் உளறிவிட்டான் என்று அவனுக்குப் பரிந்து பேசுவாள் என்றுதான் நினைத்தேன்.

"பயந்து, தலையக் குனிஞ்சுகிட்டு சொல்லியிருந்தா தாங்கிப்பேன்" என்றாள். "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னான்."