மருக்கு

மனைவி இறந்துபோன பிறகு, மலேசியாவில் கிள்ளான் நகரில் எங்கள் முறுக்கு வியாபாரத்துக்கு நானே ஒரு வெப்சைட் போட்டேன். முறுக்கு பிழிவதை அவள் தங்கை பார்த்துக்கொண்டாள். எனக்குக் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மனைவி இருந்தவரை பாக்கெட்டுகளில் ஆங்கில எழுத்தில் 'மருக்கு' என்றுதான் அச்சடிப்பாள். மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது பிடித்ததே இல்லை. வெப்சைட்டிலும் முதலில் அதையே போட்டிருந்தேன்; பிறகு எல்லா இடத்திலும் 'முறுக்கு' என்று திருத்தினேன். அதன்பின் ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம், பக்கத்து ஊரான மேருவில் கேன்டீன் நடத்தும் எங்கள் பழைய வாடிக்கைக்காரப் பெண் நேரிலேயே வந்தார்.

"அண்ணே, கடைய மூடிட்டீங்களா? என் கேன்டீன்ல மலாய்க்காரங்க போன்ல தேடிப் பாத்தாங்களாம். உங்க கடை வரவே இல்லன்னாங்க."

"முறுக்குன்னு தேடச் சொல்லுங்கம்மா."

"அவங்களுக்கு மருக்குதான் தெரியும்லா. அக்கா போட்ட பேருதானே."

அவர் போனதும், ஒவ்வொரு பக்கமாக அவள் எழுத்தையே திரும்பப் போட்டேன். சில வாரங்களில் தேடினால் எங்கள் கடைதான் முதலில் வந்தது. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்ததும், "மருக்கு கடைதான், சொல்லுங்க" என்கிறேன்.